ஆப்பிள் அடுத்த நோக்கியாவா? ஒரு பங்கை வைத்து நடந்த பத்தாண்டுச் சண்டை

2016 ஏப்ரல் 28 அன்று, கம்பெனிகளில் பெரிய அளவில் பங்கு வாங்கி நிர்வாகத்தை நெருக்கும் முதலீட்டாளர் கார்ல் ஐகான் சி.என்.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்து, ஆப்பிள் பங்குகளை மொத்தமாக விற்றுவிட்டேன், கையில் ஒன்றுகூட இல்லை என்றார். ஒரு வருடம் முன்புதான் இதே மனிதர், இந்தப் பங்கின் உண்மையான மதிப்பு 240 டாலர் என்று ஆப்பிள் தலைமை நிர்வாகி டிம் குக்குக்கு ஊரறிய ஒரு கடிதம் எழுதியிருந்தார். விற்றதாகச் சொன்ன அன்று விலை சுமார் 95. பதினெட்டு நாள் கழித்து, மே 16-ல், பெர்க்‌ஷயர் ஹாத்வே தன் பங்குகளின் காலாண்டுப் பட்டியலை வெளியிட்டது. அதில் ஒரு புதுப் பெயர்: ஆப்பிள், 98 லட்சம் பங்குகள், ஒரு பில்லியன் டாலருக்குக் கொஞ்சம் மேல். டெக்னாலஜி நமக்குப் புரியாத சமாச்சாரம் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த வாரன் பஃபெட்டின் கம்பெனி!

இந்தப் பதினெட்டு நாள் எனக்கு ரொம்பக் காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஐகான் விவரம் தெரியாதவர் இல்லை, அவர் சொன்ன 240 வந்தது, 2019 அக்டோபரில். கணக்குச் சரி, அது பலிக்கும்போது ஆள் அங்கே இல்லை. பொறுமை இல்லாத மனுஷன் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம்தான். ஆனால் அவர் அந்தப் பங்கை எந்தக் காரணத்துக்காக வாங்கினாரோ, அந்தக் காரணமே ஒரு கெட்ட செய்தி வந்ததும் அவரை அங்கே இருக்கவிடவில்லை என்பதுதான் என் எண்ணம். அதைப் புரியவைக்க 2012-க்குப் போக வேண்டும்.

அதற்கு முன் விலைகளைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் தலை சுற்றும். ஆப்பிள் 2014 ஜூனில் ஒரு பங்கை ஏழாகவும், 2020 ஆகஸ்டில் ஒன்றை நான்காகவும் பிரித்தது. அதாவது 2012-ல் 702 டாலர் என்றால் இன்றைய கணக்கில் அது 25 டாலர். நான் கீழே சொல்வதெல்லாம் அந்தந்தக் காலத்து விலைகள்.

702-ல் இருந்து 390-க்கு

2012 செப்டம்பர் 19, பங்கு 702-ல் முடிந்தது. ஐபோன் 5 கடைக்கு வர இரண்டே நாள். அதற்கு முந்தைய மாதம்தான் ஆப்பிளின் சந்தை மதிப்பு 620 பில்லியன் டாலரைத் தொட்டு, 1999-ல் மைக்ரோசாஃப்ட் வைத்த சாதனையை முறியடித்திருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, ஆனாலும் வண்டி அவர் விட்டுப்போன வேகத்தில் ஓடுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நேரம்.

அங்கிருந்து ஏழு மாதம் இறக்கம்தான். 2013 ஏப்ரல் 19 அன்று 390. நூற்றுக்கு 44 போச்சு. நடுவில் ஜனவரி 24 அன்று மட்டும் ஒரே நாளில் 12 சதவிகிதம் விழுந்தது. அதற்கு முதல் நாள் மாலை வந்த முடிவுகளில் விற்பனை வரவும், விற்ற ஐபோன்களின் எண்ணிக்கையும் ஆப்பிள் வரலாற்றிலேயே அதிகம்! சந்தைக்கு அது போதவில்லை. லாபம் வளரவில்லை, போன வருடம் எவ்வளவோ அவ்வளவுதான் என்பதைத்தான் அது பார்த்தது. மறுநாளே உலகின் மிக மதிப்புள்ள கம்பெனி என்ற பட்டம் எண்ணெய்க் கம்பெனி எக்ஸான் மொபிலுக்குப் போனது.

ஏப்ரல் 23-ல் கரடிகள், அதாவது பங்கு விழும் என்று நினைப்பவர்கள், காத்திருந்த செய்தியும் வந்தது. காலாண்டு லாபம் 11.6 பில்லியனில் இருந்து 9.5 பில்லியனாகக் குறைந்திருந்தது, பத்து வருடத்தில் முதல் தடவை. மொத்த லாப விகிதம், அதாவது விற்ற பணத்தில் பொருளின் அடக்கவிலை போக மிஞ்சுவது, 47.4 சதவிகிதத்தில் இருந்து 37.5-க்கு இறங்கியிருந்தது. ஒரே வருடத்தில் பத்துப் புள்ளி. இதைப் பார்த்துப் பயப்படாதவன்தான் அசடு.

கரடிகள் சொன்னதை இன்று படித்தால் சிரிப்பு வரலாம், ஆனால் அன்றைக்கு அது கெட்டியான வாதம். போன் என்பது கடைசியில் ஒரு பெட்டி. பெட்டி விற்கிறவனுக்கு நிரந்தர லாபம் கிடையாது, இன்னொருத்தன் பாதி விலைக்கு அதேபோல் ஒன்று செய்துவிடுவான். உலகில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் முக்கால் பங்கு அப்போதே ஆண்ட்ராய்டு, சாம்சங் கேலக்ஸி கொடிகட்டிப் பறக்கிறது, ஆப்பிளோ வருடத்துக்கு ஒரு போன் விடுகிறது, புதிதாகக் கண்டுபிடிக்க ஜாப்ஸும் இல்லை. வரலாறும் அவர்கள் பக்கம்தான் நின்றது. பிளாக்பெர்ரி பங்கு 2008-ல் 140 டாலருக்கு மேல் இருந்தது, 2012-ல் 7 டாலருக்கும் கீழே. நோக்கியா கதை அதைவிட மோசம்.

நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நோக்கியா உதாரணத்தை விளக்கவே வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் தொடங்கியபோது இருந்த ஆரவாரம் ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய்வந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு அதுதான் முதல் சம்பளம். 2013-ல் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது, வரித் தகராறில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் அந்த ஒப்பந்தத்தில் சேராமல் நின்றுவிட்டது, 2014 நவம்பர் 1-ல் வேலை நின்றது. உலகத்தில் நம்பர் ஒன்றாக இருந்த போன் கம்பெனி அது. எட்டே வருடம். ஆப்பிளுக்கும் இதுதான் நடக்கும் என்று ஒருவர் 2013-ல் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

பங்கு ஏறும் என்று நம்பிய காளைகளிடம் இருந்தது விலை என்ற ஒரே ஆயுதம். 390 டாலருக்கு வாங்கினால் ஆண்டு லாபத்தைப் போல ஒன்பது மடங்குதான் கொடுக்கிறோம், அதாவது பி.இ. விகிதம் ஒன்பது. கம்பெனியிடம் ரொக்கமும் கடன் பத்திரங்களுமாக 145 பில்லியன் டாலர் கிடக்கிறது, ஒரு பங்குக்கு 150 டாலருக்கு மேல். அதைக் கழித்துவிட்டால் ஆறு மடங்குக்கும் கீழே. வளர்ச்சியே வேண்டாம், இப்படியே ஓடினால் போதும், போட்ட பணம் ஆறு வருடத்தில் திரும்பிவிடும் என்றார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வெளியே கிடந்தது. உள்ளே கொண்டுவந்தால் அன்றைய சட்டப்படி 35 சதவிகிதம்வரை வரி. ஆக, பங்குதாரருக்கு அது பீரோவில் இருக்கும் பணம்தான், சாவி மட்டும் கையில் இல்லை.

பணத்தைக் கொடு, பணத்தைக் கொடு

அதனால் 2013-ல் சண்டை வேறு திசைக்குத் திரும்பியது. நல்ல கம்பெனியா கெட்ட கம்பெனியா என்பதை ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பணத்தை எப்படி வெளியே எடுப்பது என்று ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர் கிரீன்லைட் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் டேவிட் ஐன்ஹார்ன். நிரந்தரமாக 4 சதவிகிதம் டிவிடெண்ட் தரும் முன்னுரிமைப் பங்குகளைப் பங்குதாரர்களுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்றார், ‘ஐபிரெஃப்’ என்று பெயர்கூட வைத்துவிட்டார். நிறுவன விதிகளில் ஆப்பிள் செய்ய நினைத்த பல மாற்றங்களை ஒரே தீர்மானமாகக் கட்டி ஓட்டுக்கு விட்டதை எதிர்த்து 2013 பிப்ரவரியில் கோர்ட்டுக்கும் போனார். டிம் குக் அதை வேலையற்ற வேடிக்கை என்கிற தொனியில் ஒதுக்கினார். நீதிபதியோ ஐன்ஹார்ன் பக்கம் உத்தரவு போட்டார், ஆப்பிள் தீர்மானத்தை வாபஸ் வாங்கியது. ஐபிரெஃப் மட்டும் கடைசிவரை வரவில்லை. கேஸில் ஜெயித்தும் கேட்டது கிடைக்கவில்லை.

ஆனால் அழுத்தம் வேலை செய்தது. லாபம் குறைந்ததாக அறிவித்த அதே ஏப்ரல் 23 அன்று, பங்குகளைத் திரும்ப வாங்கும் பைபேக் திட்டத்தை 10 பில்லியனில் இருந்து 60 பில்லியனாக ஆப்பிள் உயர்த்தியது. டிவிடெண்டும் சேர்த்து 2015 முடிவுக்குள் 100 பில்லியன் தருவோம் என்றது. ஒரு வாரத்தில் 17 பில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, அன்றைக்கு ஒரு கம்பெனி அவ்வளவு பெரிய தொகைக்கு வெளியிட்டதே இல்லை. 145 பில்லியன் வைத்திருக்கிறவன் 17 பில்லியன் கடன் வாங்குகிறான் என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்பார்கள். வெளிநாட்டுப் பணத்தை உள்ளே கொண்டுவந்து வரி கட்டுவதைவிட வட்டி கட்டுவது மலிவு, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13-ல் ஐகான் வந்தார், ட்விட்டர் வழியாக. ஆப்பிளில் பெரிய அளவில் வாங்கியிருக்கிறேன், பங்கு ரொம்ப மலிவு, குக்கிடம் பேசினேன். இரண்டு ட்வீட், பங்கு ஏறக்குறைய 5 சதவிகிதம் ஏறி 490 பக்கம் முடிந்தது. செப்டம்பர் கடைசியில் நியூயார்க்கில் தன் வீட்டுக்கே குக்கைச் சாப்பிடக் கூப்பிட்டு, 150 பில்லியனுக்கு உடனே பைபேக் செய்யுங்கள் என்று வற்புறுத்தினார். 2014 ஜனவரிக் காலாண்டு முடிவு வந்து பங்கு 8 சதவிகிதம் விழுந்ததும், இரண்டே வாரத்தில் ஆப்பிள் தானாகவே 14 பில்லியனுக்குத் தன் பங்கை வாங்கிப்போட்டது. பைபேக் கேட்டுப் பங்குதாரர் ஓட்டுக்கு விட்டிருந்த தீர்மானத்தை ஐகானும் கைவிட்டார்.

ஐகான் கேட்டதில் தப்பில்லை. பங்கு மலிவாக இருக்கும்போது கம்பெனி தன் பங்கையே வாங்கினால், விற்காமல் இருப்பவர்களுக்குக் கம்பெனியில் உள்ள பாத்தியதை தானாகப் பெருகும். நான் அவர் கட்சிதான், அந்த விஷயத்தில்.

தொலைக்காட்சிப் பெட்டியும் காரும்

2014 செப்டம்பரில் பெரிய திரையோடு ஐபோன் 6 வந்தது, கரடிகள் கொஞ்சநாள் வாயைத் திறக்கவில்லை. அந்த டிசம்பர் காலாண்டில் 7.45 கோடி ஐபோன், 18 பில்லியன் டாலர் லாபம். அதுவரை எந்தக் கம்பெனியும் மூன்றே மாதத்தில் அவ்வளவு சம்பாதித்ததில்லை.

ஐகானின் கடிதங்களும் ஏறிக்கொண்டே போயின. 2014 அக்டோபரில் 203 டாலர் மதிப்பு என்றார், 2015 பிப்ரவரியில் 216, மே 18-ல் 240. அன்று சந்தையில் விலை 130 பக்கம். அந்த மே மாதக் கடிதம் ஒரு பொக்கிஷம். 2016-ல் ஆப்பிள் தொலைக்காட்சிப் பெட்டி விற்கும், 2020-க்குள் கார் விற்கும் என்று வைத்துக்கொண்டு அதன் மேல் கட்டிய கணக்கு அது. டி.வி. செட் வரவே இல்லை. கார் திட்டத்தைப் பத்து வருடம் இழுத்தடித்து 2024 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். சொன்ன காரணங்களில் முக்கியமான இரண்டு நடக்கவே இல்லை, சொன்ன விலை மட்டும் நாலரை வருடத்தில் வந்துவிட்டது. ஜாதகம் பார்ப்பவருக்குக்கூட இப்படி அமையாது.

கடிதம் எழுதிய சூட்டோடு பங்கு இறங்க ஆரம்பித்தது. காரணம் சீனா. 2015 ஆகஸ்ட் 24 காலை உலகச் சந்தைகள் எல்லாம் சரிந்தபோது ஆப்பிள் 92 வரை போனது. சந்தை திறக்கும் முன்பே டிம் குக் தொலைக்காட்சிக்காரர் ஜிம் கிரேமருக்கு மின்னஞ்சல் அனுப்பி, சீனாவில் ஜூலை, ஆகஸ்டிலும் விற்பனை வலுவாக வளர்கிறது என்றார். (ஒரு பொதுப் பங்கு நிறுவனத்தின் தலைவர் ஒரே ஒரு டி.வி. நபருக்கு இப்படித் தகவல் கொடுக்கலாமா என்பது தனி விவாதம்.) எட்டு மாதம் கழித்து, 2016 ஏப்ரல் 26-ல் வந்த முடிவில் சீனப் பகுதி வருமானம் 26 சதவிகிதம் குறைவு. மொத்த வருமானம் 58 பில்லியனில் இருந்து 50.6 பில்லியன், 2003-க்குப் பிறகு முதல் இறக்கம். ஐபோன் 6.12 கோடியில் இருந்து 5.12 கோடி. போதாக்குறைக்கு அதே மாதம் சீனாவில் ஆப்பிளின் சினிமா, புத்தகக் கடைகள் மூடப்பட்டன.

இரண்டு நாளில் ஐகான் வெளியேறினார். சீன அரசு என்ன செய்யுமோ என்ற பயம்தான் காரணம் என்றார், சுமார் 2 பில்லியன் டாலர் லாபத்தோடு போனார். 2 பில்லியனை நஷ்டம் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கவனியுங்கள், அவருடைய வாதம் முழுக்க விலையைப் பற்றியது: விற்பனை இவ்வளவு வளரும், மடங்கு இவ்வளவு ஏறும், அதனால் விலை இது. வளர்ச்சி நின்றது என்ற செய்தி வந்த அன்றே அந்த வாதத்தின் முதல் படி கழன்றுவிட்டது, நிற்பதற்கு இடமில்லை.

மே 12-ல் பங்கு 90. பி.இ. பத்து. நாலு நாளில் பெர்க்‌ஷயர் பட்டியல் வெளியானது.

பஃபெட் ஏற்கெனவே ஒரு முறை சூடுபட்டவர்

முதலில் வாங்கியது பஃபெட் இல்லை, அவரிடம் அப்போது பணம் நிர்வகித்த இருவரில் ஒருவர். அதன்பின்தான் பெரியவர் தானே இறங்கினார். 2016 முடிவில் 6.1 கோடிப் பங்கு, 2017 முடிவில் 16.7 கோடி, 2018 முடிவில் 25.5 கோடி. மொத்தச் செலவு 36 பில்லியன் டாலர். மலிவான அடிமட்டத்தில் கொஞ்சம், அப்புறம் விலை ஏற ஏற மிச்சம்.

இதை ‘பஃபெட் ஜீனியஸ், ஐகான் அவசரக்காரர்’ என்று முடித்துவிடக் கூடாது. பஃபெட் 2011-ல் ஐ.பி.எம். வாங்கியவர். கிட்டத்தட்ட 6.4 கோடிப் பங்கு, ஒன்று சுமார் 170 டாலர், மொத்தம் 10 பில்லியனுக்கு மேல். ஐ.பி.எம்.மும் பெரிய டெக் கம்பெனிதான், அதுவும் பைபேக்கில் சளைத்ததில்லை, 2011-க்கும் 2017-க்கும் நடுவில் பங்குகளின் எண்ணிக்கையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. 2015-ல் ஒரு பங்குக்கு 20 டாலர் லாபம் என்று நாள் குறித்து வாக்கும் கொடுத்திருந்தது, 2014 அக்டோபரில் அதைக் கைவிட்டது. வருமானம் 22 காலாண்டுகள் வரிசையாகச் சரிந்தது. 107 பில்லியனாக இருந்தது 79 பில்லியன் ஆனது. பஃபெட் 2017-ல் விற்கத் தொடங்கி அடுத்த வருடத் தொடக்கத்துக்குள் கையைக் கழுவிவிட்டார்.

ஒரே ஆள், ஒரே கால கட்டம், இரண்டும் மலிவு, இரண்டிலும் பைபேக். ஒன்று தேறவில்லை, இன்னொன்று அவர் வாழ்நாளின் மிகப்பெரிய லாபம். என்ன வித்தியாசம்? ஐ.பி.எம்.மில் அவரால் வாடிக்கையாளரைப் பார்க்க முடியவில்லை. ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் நாளைக்கு அமேசான் கிளவுடுக்கு மாறுவாரா மாட்டாரா என்று தன் ஊரான ஒமாஹாவில் உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரியும்? ஐபோனில் பார்க்க முடிந்தது. பேரப்பிள்ளைகளை டெய்ரி குவீனுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடக் கூட்டிப்போனால் பிள்ளைகள் போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை என்று அவர் சொன்ன கதை பிரசித்தம். அவர் கையில் அப்போது இருந்தது சாம்சங்கின் மடக்கு போன் என்பது இன்னும் பிரசித்தம், 2020-ல்தான் மாற்றினார்.

பின்னால் 2023-ல் அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 10,000 டாலர் தருகிறேன், இனி ஆயுளுக்கும் ஐபோன் வாங்கக் கூடாது என்றால் ஒத்துக்கொள்வீர்களா? மாட்டீர்கள். இனிமேல் ஃபோர்டு கார் வாங்காதே, 10,000 டாலர் தருகிறேன் என்றால்? பணத்தை வாங்கிக்கொண்டு செவர்லே வாங்குவீர்கள். எந்தக் காலாண்டில் எத்தனை போன் விற்கும் என்பது இந்தக் கேள்வியில் எங்குமே வரவில்லை பாருங்கள். போன வருடம் வாங்கியவர் இந்த வருடம் வாங்காமல் இருக்கலாம், மூன்று வருடம் பழைய போனையே ஓட்டலாம். ஆனால் அது உடைந்தால் எங்கே போவார்? இந்தக் கேள்வியோடு உள்ளே வந்தவருக்கு 2016 ஏப்ரல் முடிவு ஒரு மோசமான காலாண்டு, அவ்வளவுதான். ஐகானுக்கோ அது கட்டிய வீட்டின் அஸ்திவாரத்தில் விரிசல்.

கரடிகள் சொன்னது நடந்தது, பணம் மட்டும் அவர்களுக்கு வரவில்லை

இந்த விவகாரத்தில் எனக்கு ருசியான பகுதி இதுதான். கரடிகளின் மையமான வாதம், போன் விற்பனை உச்சத்தைத் தொட்டுவிட்டது என்பது. அது சரி! 2015 நிதியாண்டில் 23.1 கோடி ஐபோன். அடுத்த வருடம் 21.2 கோடி. 2018-ல் 21.8 கோடி. மூன்று வருடத்தில் வளர்ச்சியே இல்லை, உண்மையில் குறைவு. 2018 நவம்பரில் இனிமேல் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டோம் என்று ஆப்பிள் மூடிக்கொண்டது, மறைக்கிறார்கள் என்று கரடிகள் கத்தினார்கள், அதிலும் நியாயம் உண்டு.

அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? 2015 நிதியாண்டையும் 2019 நிதியாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிகர லாபம் 53.4 பில்லியன், அது நான்கு வருடம் கழித்து 55.3 பில்லியன். மூன்றரை சதவிகிதம்தான் அதிகம், அன்றைக்கு நம் ஊர் சேமிப்புக் கணக்கே ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட அதைக் கொடுத்தது. ஆனால் ஒரு பங்குக்கான லாபம் 9.22 டாலரில் இருந்து 11.89. 29 சதவிகித ஏற்றம், கிட்டத்தட்ட முழுக்கவும் பைபேக் புண்ணியம். விலையோ சுமார் 115-ல் இருந்து சுமார் 219. ஏறக்குறைய இரட்டிப்பு. 29 சதவிகிதம் போக மிச்சமெல்லாம் சந்தை கொடுக்கத் தயாராக இருந்த மடங்கு: பன்னிரண்டரையில் இருந்து பதினெட்டுக்கு மேல். அதாவது கம்பெனி பெரிதாக மாறவில்லை, அதைப் பார்த்த கண்கள் மாறிவிட்டன. பெட்டி விற்கிற கடை என்று நினைத்தவர்கள், மாதா மாதம் வாடகை வரும் வீடு என்று நினைக்க ஆரம்பித்தார்கள்.

வாடகை என்று சும்மா சொல்லவில்லை. ஆப் ஸ்டோர் கமிஷன், ஐகிளவுட், ஐபோனில் தேடினால் தன் தேடுபொறியே வர வேண்டும் என்று கூகுள் தரும் தேடல் பணம் என்று ‘சர்வீசஸ்’ கணக்கில் வருவது 2016-ல் 24 பில்லியன், 2024-ல் 96 பில்லியன். 2024 கணக்கில், போன் போன்ற பொருட்களில் நூறு டாலர் விற்றால் மொத்த லாபம் 37 டாலர், இதில் 74. 21 கோடிப் போன் என்ற எண் வளராவிட்டாலும், ஏற்கெனவே கையில் போன் வைத்திருப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், அதைக் கரடிகளின் கணக்குத் தாள் எண்ணவில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்க வரிச் சட்டம் மாறியதும் பீரோ சாவியும் கிடைத்தது. 38 பில்லியன் வரி கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு 2018 மே மாதம் 100 பில்லியனுக்குப் பைபேக் அறிவித்தது. 2012-ல் இன்றைய கணக்கில் 26 பில்லியனாக இருந்த பங்குகளின் எண்ணிக்கை, 2024-ல் 15 பில்லியன் சொச்சம்.

நடுவில் ஒரு பரீட்சையும் வந்தது. 2019 ஜனவரி 2-ல் குக் ஒரு கடிதம் எழுதினார்: காலாண்டு வருமானம் 89 முதல் 93 பில்லியன் என்றோம், 84தான் வரும், சீனாவில் விற்பனை படுத்துவிட்டது. மறுநாள் பங்கு 10 சதவிகிதம் காலி. அக்டோபரில் 232 இருந்தது 142 ஆகியிருந்தது. இரண்டு மாதம் முன்புதான் சீனாவில் பிரச்சினை இல்லை என்கிற மாதிரி அவர் பேசியிருந்தார். அதற்காகப் பங்குதாரர்கள் போட்ட வழக்கை 2024-ல் 490 மில்லியன் டாலர் கொடுத்து ஆப்பிள் முடித்துக்கொண்டது. அதே சீனா, அதே மாதிரிச் செய்தி, 2016-ல் ஐகானை வெளியே தள்ளிய அதே காரணம். பெர்க்‌ஷயரின் 25 கோடிப் பங்கு அப்படியே இருந்தது. பஃபெட்டும் தெய்வப்பிறவி இல்லை, 2020-ல் கொஞ்சம் விற்றுவிட்டு அது தப்பு போலிருக்கிறது என்று அடுத்த வருடக் கூட்டத்தில் அவரே சொன்னார்.

இப்போது யார் எந்தப் பக்கம்

2023 முடிவில் பெர்க்‌ஷயரிடம், 2020 பிரிப்புக்குப் பிறகான கணக்கில், சுமார் 90.5 கோடிப் பங்கு இருந்தது, மதிப்பு 174 பில்லியன் டாலர். அடுத்த ஒன்பது மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கை விற்று 30 கோடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வரி விகிதம் எதிர்காலத்தில் ஏறலாம் என்று 2024 மே கூட்டத்தில் பஃபெட் கோடிகாட்டினார். இருக்கலாம். விலையும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன், பத்து மடங்குக்கு வாங்கியதை முப்பது மடங்குக்குக் கேட்டால் எந்த வியாபாரியும் கொஞ்சமாவது விற்பான்.

அவர் விற்றபின்பும் பங்கு ஏறியது. 2025 அக்டோபரில் சந்தை மதிப்பு 4 டிரில்லியன் டாலரைத் தொட்டது. விவாதமும் மறுபடி சூடு. ஐபோனின் குரல் உதவியாளர் சிரியைப் புத்திசாலி ஆக்குகிறோம் என்று சொல்லிவிட்டு 2025 மார்ச்சில் தள்ளிப்போட்டார்கள், ஏ.ஐ.-யில் பின்தங்கிவிட்டது என்கிறார்கள் கரடிகள். கூகுள் தரும் தேடல் பணம், 2022-ல் மட்டும் 20 பில்லியன், கோர்ட்டில் மாட்டியது. 2025 செப்டம்பர் தீர்ப்பில் தலை தப்பியது, கூகுள் பணம் தரலாம், வேறு யாருக்கும் இடமில்லை என்கிற பிரத்தியேக ஒப்பந்தம் மட்டும் கூடாது. அப்புறம் டிரம்பின் இறக்குமதி வரி. அதைச் சமாளிக்க, அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை ஜூன் காலாண்டில் இந்தியாவில் இருந்துதான் வரும் என்று குக் 2025 மே மாதம் சொன்னார். அதில் கணிசமான பங்கு ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் இருந்து போவது. மூடிக்கிடந்த அந்த நோக்கியா ஆலையையும் சால்காம்ப் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது, ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்து கொடுக்கும் கம்பெனி.

என்னைக் கேட்டால், வாடிக்கையாளர் போவாரா என்ற கேள்விக்கு இன்னமும் மாட்டார் என்றுதான் பதில். 2013-ல் கேட்டிருந்தாலும் அதே பதில்தான், அன்று அதற்கு ஒன்பது மடங்கு கேட்டார்கள், 2016 மே மாதம் பத்து. 2025 நிதியாண்டில் ஒரு பங்குக்கு 7.46 டாலர் லாபம், 4 டிரில்லியனைத் தொட்டபோது விலை 270 பக்கம், அதாவது முப்பத்தாறு மடங்கு. பத்து மடங்குக்கு வாங்கியவர் போன் விற்பனையைப் பற்றித் தப்பாக நினைத்திருந்தும் பிழைத்துக்கொண்டார். முப்பத்தாறுக்கு வாங்குகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. நான் வாங்கவில்லை, விலை எனக்கு ஒத்துவரும் அளவுக்கு இறங்கினால் அன்றைக்கு வருகிற கெட்ட செய்தி என்னவாக இருக்கும், அதைப் படித்துவிட்டும் வாங்குவேனா என்பதுதான் தெரியவில்லை.